மிஸ்ஸி முதலாளியாகும்போது: வீட்டுத் தாதிச் சேவையின் கணக்கு வழக்கு

இந்தப் பத்தியில் இதுவரை புடவை, ஹாட்வெயார், பலசரக்கு என்று கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய சாமான்களைப் பற்றியே அதிகம் எழுதி வந்திருக்கிறேன். அண்மைக்காலமாக ஆலோசனை கேட்டு வருபவர்களில் சிலர் வேறொரு விடயத்தைக் கேட்கிறார்கள். மொத்த வியாபாரி ஒருவர் கேட்டார்: "நானா, மகள் தாதி. சவூதியில் ஏழு வருஷம் வேலை செய்துவிட்டு வந்திருக்கிறாள். இனிப் போகமாட்டாளாம். வீட்டோடு படுக்கையில் இருக்கிற நோயாளிகளைப் போய்ப் பார்க்கிற சேவையொன்றைத் தொடங்கப் போகிறாளாம். இதற்குக் காசு போடலாமா?"

இதே மனிதர் சீனி இறக்குவதற்கு 20 இலட்சத்தை ஒரு தொலைபேசி அழைப்பில் போட்டுவிடுவார். மகளின் தொழிலுக்கு ஐந்து இலட்சம் போட இரண்டு மாதமாக யோசிக்கிறார். அவரைக் குறை சொல்லமாட்டேன். சீனி விலை விழுந்தாலும் மூட்டை களஞ்சியத்தில் இருக்கும். இந்த வியாபாரத்தில் களஞ்சியமே இல்லை. ஆகவே இது என்ன வியாபாரம், எதை விற்கிறது, எங்கே கை சுடும் என்பதை வியாபாரியின் கண்ணால் பார்த்து எழுதுவது பயனாக இருக்கும் என்று நினைத்தேன்.

முதலில் தேவை இருக்கிறதா என்ற கேள்வி. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலேயே இந்நாட்டு மக்களில் நூற்றுக்கு 12 பேருக்கு மேல் 60 வயதைக் கடந்தவர்கள். அந்த விகிதம் அதன் பின்னர் கூடித்தான் வந்திருக்கிறது. மறுபுறத்தில், 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வெளிநாடு போனார்கள். மகன் கட்டாரில், மருமகள் பிள்ளைகளோடு அவனுடன், மகள் இங்கிலாந்தில். வீட்டில் வாப்பாவும் உம்மாவும் மட்டும். அனுப்புகிற காசுக்குக் குறைவில்லை. வாப்பாவுக்குப் பாரிசவாதம் வந்தால் அவரைத் திருப்பிப் படுக்க வைக்கத்தான் ஆளில்லை. பெற்றோரைக் கவனிப்பது பிள்ளைகளின் கடமை என்று 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டமும் சொல்கிறது. நமக்கோ அது சட்டம் வருவதற்கு முன்பே உள்ள கடமை.

"பெற்ற வாப்பாவைக் காசு கொடுத்து ஆள் வைத்துப் பார்ப்பதா?" என்று நம்மவர்களிடம் ஒரு வெட்கம் இருக்கிறது. அது நல்ல வெட்கந்தான். ஆனால் படுக்கைப் புண்ணுக்கு மருந்து கட்டுவதற்குப் பாசம் மட்டும் போதாது, கைப்பழக்கம் வேண்டும். அகழ் யுத்தத்தில் காயப்பட்ட ஸஃது இப்னு முஆத் (ரழி) அவர்களை, காயங்களுக்கு மருந்து கட்டும் ருபைதா (ரழி) அவர்களின் கூடாரத்தில் வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் பணித்த வரலாறு நாம் அறிந்ததே. அந்தக் கூடாரம் பள்ளிவாசலில்தான் இருந்தது. தெரிந்தவரிடம் ஒப்படைப்பது கைவிடுவதாகாது.

விற்பது மணித்தியாலம்

சரி, தேவை இருக்கிறது. விற்பது என்ன? தாதியின் மணித்தியாலத்தை. மீன் வியாபாரிகள் இதைச் சட்டென்று விளங்கிக்கொள்வார்கள். இன்று விற்காத மீனை ஐஸ் போட்டு நாளைக்காவது விற்கலாம். இன்று காலை 10 மணி தொடக்கம் 11 மணி வரை வேலையில்லாமல் இருந்த தாதியின் அந்த ஒரு மணித்தியாலத்தை எந்த ஐஸிலும் வைக்க முடியாது. சம்பளம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

அந்த மணித்தியாலத்தின் அடக்க விலையையே பலர் பிழையாகப் போடுகிறார்கள். கணக்குக்காக ஒரு தாதிக்கு மாதம் 60,000 ரூபா சம்பளம் என்று வைப்போம். ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளியின் பங்கு 12 வீதம், 7,200. ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம், 1,800. ஊழியர் தொகை 15ஐத் தொட்டுவிட்டால், ஐந்து வருடம் பூர்த்தி செய்தவருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் பணிக்கொடையாகக் கொடுக்க வேண்டும். 1983ஆம் ஆண்டின் சட்டம் அது. சிறிதாகத் தொடங்கினாலும் அதற்கும் மாதம் 2,500 ஒதுக்கி வைப்பதே புத்தி. ஆக 60,000 என்று வாயால் சொல்லும் சம்பளம் கணக்குப் புத்தகத்தில் 71,500. இதில் வருடாந்த விடுமுறையும் அமயலீவும் இன்னும் சேரவில்லை. அந்த நாட்களுக்கு வேறொருவரை அனுப்ப வேண்டுமே.

இனி, குடும்பங்கள் பெரும்பாலும் கேட்பது "24 மணித்தியாலமும் ஆள் வேண்டும்" என்பதைத்தான். ஒரு கிழமைக்கு 168 மணித்தியாலம். கடை, காரியாலய ஊழியர் சட்டத்தின்படி ஒருவரிடம் சாதாரண வேலையாக எடுக்கக்கூடியது கிழமைக்கு 45 மணித்தியாலம். 168ஐ 45ஆல் பிரித்துப் பாருங்கள். ஏறக்குறைய நான்கு பேர் வேண்டும். நான்கு தாதியரின் அடக்கம் மாதம் 286,000 ரூபா. இதை எத்தனை குடும்பங்கள் தாங்கும்?

நடைமுறையில் என்ன நடக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். தூரத்து ஊரிலிருந்து ஒரு பெண்ணைக் கூட்டிவந்து வீட்டில் விட்டுவிடுகிறார்கள். அவள் நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் பாயைப் போட்டுக்கொண்டு இரவும் பகலும் கிடக்கிறாள். அனுப்பியவர் மாதம் மாதம் கொமிஷன் எடுக்கிறார். தூக்கமில்லாத அந்தப் பெண் மூன்றாம் மாதம் ஓடிப்போகிறாள், அல்லது வீட்டுக்காரர் "நேரடியாக எங்களிடமே இரு, பத்தாயிரம் கூடத் தருகிறோம்" என்று அவளை வளைத்துக்கொள்கிறார். அனுப்பியவருக்கு ஆளும் போச்சு, வாடிக்கையும் போச்சு. இது தாதிச் சேவையல்ல, ஆள் பிடித்துக் கொடுக்கும் தரகு. வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கத்தில் இருந்துகொண்டு, ஒரு பெண்ணின் நான்கு பங்கு உழைப்புக்கு ஒரு பங்குக் கூலி கொடுத்துவிட்டு அதில் பரக்கத்தை எதிர்பார்ப்பது எப்படி?

தாதி ஒருவர் உண்மையில் விற்க வேண்டியது 24 மணித்தியாலத்தையல்ல. தனக்கு மட்டுமே தெரிந்த அந்த ஒரு மணித்தியாலத்தை. காயத்துக்குக் கட்டு மாற்றுவது, சலக்குழாயைப் பராமரிப்பது, மூக்குக் குழாயால் உணவு கொடுக்க வீட்டாரைப் பழக்குவது, இன்சுலின் அளவை எழுதி வைப்பது, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை நோயாளியை எப்படித் திருப்புவது என்று மருமகளுக்குக் காட்டிக் கொடுப்பது. இப்படி வந்து போகும் தாதி ஒருவரும், பகலில் கூட இருக்கப் பயிற்சி பெற்ற பராமரிப்பாளர் ஒருவரும், மிச்சத்துக்கு வீட்டாரும் என்று பிரித்தால் நடுத்தரக் குடும்பமும் தாங்கும்.

ஒல்லாந்துத் தாதியரின் பாடம்

இதைப் பெரிய அளவில் செய்து காட்டியவர் ஒல்லாந்தைச் சேர்ந்த ஜோஸ் டி ப்ளொக். அவரும் ஒரு தாதிதான், ஆண் தாதி. 1990களில் அந்நாட்டில் வீட்டுப் பராமரிப்பு நிறுவனங்களையெல்லாம் ஒன்றாக இணைத்துப் பெரிதாக்கினார்கள். குளிப்பாட்டுவதற்கு இத்தனை நிமிடம், ஊசிக்கு இத்தனை நிமிடம் என்று வேலையைத் துண்டு துண்டாக வெட்டி, மலிவான வேலைக்கு மலிவான ஆள், கொஞ்சம் கடினமான வேலைக்கு இன்னொருவர் என்று அனுப்பினார்கள். ஒரே கிழவியின் வீட்டுக் கதவை வெவ்வேறு முகங்கள் வந்து தட்டின. மேலே முகாமையாளர்கள் பெருகினார்கள், கீழே தாதியர் வெறுத்துப்போய் விலகினார்கள். டி ப்ளொக்கும் அப்படியொரு நிறுவனத்தில் முகாமையாளராக இருந்து வெளியேறியவர்தான். 2006இல் அல்மலோ என்ற ஊரை மையமாக வைத்து நான்கு தாதியரோடு ஒரு குழுவைத் தொடங்கினார். பெயர் 'பியூர்ட்ஸொர்க்'. அயல் பராமரிப்பு என்று அர்த்தம். பத்து வருடத்துக்குள் அது ஏறத்தாழ 10,000 பேர் வேலை செய்யும் அமைப்பாகியது.

அவர் செய்த முறை இதுதான். ஒரு குழுவில் 12 பேருக்கு மேல் இல்லை. கூடினால் குழு இரண்டாகப் பிரியும். ஒவ்வொரு குழுவும் ஒரு அயலை மட்டும் பார்க்கும். நோயாளியை ஏற்பது, யார் எப்போது போவது, புதிய ஆளைச் சேர்ப்பது, அறை வாடகைக்கு எடுப்பது எல்லாம் அந்தக் குழுவே தீர்மானிக்கும். குழுவுக்கு மேல் முதலாளி என்று ஒருவர் இல்லை. அத்தனை பெரிய அமைப்பின் தலைமைக் காரியாலயத்தில் 50 பேரளவில்தான். அவர்கள் சம்பளம், பில், கணினி வேலைகளைப் பார்ப்பார்கள். நிர்வாகச் செலவு 8 வீதமளவில் நின்றது. அதே நாட்டின் மற்ற நிறுவனங்களில் அது 25 வீதமளவு. நம் வியாபாரிகளுக்கு இந்த இரண்டு எண்களும் போதும்.

இன்னொரு விடயம் எனக்கு இதைவிடப் பெரிதாகப்பட்டது. அவர்களின் ஒரு மணித்தியாலத்தின் விலை மற்றவர்களுடையதைவிடக் குறைவல்ல. படித்த தாதியரையே அதிகம் அனுப்புவதால் கூடுதலாகவே இருந்தது. ஆனால் ஒரு நோயாளிக்குச் செலவான மணித்தியாலங்களோ குறைவு. 2009இல் ஏர்ன்ஸ்ட் அன்ட் யங் செய்த ஆய்வும் இதையே காட்டியது. ஏனென்றால் அந்தத் தாதியர் போன முதல் நாளிலேயே "இவர் தானாகவே எதையெல்லாம் செய்யலாம், மனைவியும் பக்கத்து வீட்டாரும் எதைச் செய்யலாம்" என்று பார்த்தார்கள். தன்னுடைய தேவையைத் தானே குறைக்கும் வியாபாரம்! கடைக்கு வந்தவரிடம் "உங்களுக்கு அரைக் கிலோ போதும்" என்று சொல்லும் முதலாளியைப் போல. அப்படிச் சொல்லும் கடைக்குத்தான் சனம் போகும் என்பதை நம் பழைய ஹாஜிமார் அறிவார்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஒல்லாந்தில் இந்தச் செலவைக் குடும்பம் கையிலிருந்து கொடுப்பதில்லை, காப்புறுதி கொடுக்கிறது. பியூர்ட்ஸொர்க் இலாபம் பங்கு போடும் கொம்பனியுமல்ல. வேறு நாடுகளில் இதைப் பின்பற்றப் பார்த்தவர்கள் பலர். காசு வரும் வழி வேறாக இருந்ததால் அந்த அளவுக்கு வளர முடியவில்லை. இங்கே காசு கொடுப்பவர் மகனோ மகளோதான். ஆகவே அப்படியே கொண்டுவந்து ஒட்ட முடியாது. எடுக்கக்கூடியவை இரண்டு: ஒரு அயலுக்குள் நிற்பது, மேலே ஆட்களைக் குவிக்காமலிருப்பது.

அயல் என்பதன் பெறுமதியைக் கொழும்புக் கணக்கில் பாருங்கள். 71,500 ரூபா அடக்கமுள்ள தாதி மாதம் 24 நாள் வேலை செய்தால் ஒரு நாளின் அடக்கம் ஏறக்குறைய 2,980. ஒரு தடவை போய் வருவதற்குக் கட்டணம் 2,500 என்று கணக்குக்கு வைப்போம். காலையில் வத்தளை, பிறகு தெஹிவளை, பின்னேரம் கொலன்னாவ என்று அலைந்தால் மூன்று வீடுதான் முடியும். வரவு 7,500. ஆட்டோவுக்கு 3,000. மிஞ்சுவது 1,520. அதே தாதி தெமட்டகொடை, மாளிகாவத்தைக்குள் மட்டும் ஐந்து வீடு பார்த்தால் வரவு 12,500. ஆட்டோ 1,000. மிஞ்சுவது 8,520. கையுறை, பஞ்சு, தொலைபேசி, கணக்குப் பார்ப்பவரின் சம்பளம், வேலை கிடைக்காத நாட்கள் எல்லாம் இந்த மிச்சத்துக்குள்தான் அடங்க வேண்டும். 1,520இல் அடங்காது. தூரத்திலிருந்து வரும் நோயாளிக்கு "இல்லை" என்று சொல்லத் தொடக்கத்தில் மனம் வராது. சொல்லப் பழக வேண்டும்.

கடனும் மையித்து வீடும்

நம் ஆட்களுக்குக் கடன் கொப்பி பழக்கமானது. ஆனால் இந்தக் கடன் வேறு மாதிரி. பணம் தராதவரின் கடையிலிருந்து சாமானைத் திருப்பி எடுக்கலாம். கட்டிய காயத்தை அவிழ்த்து எடுக்க முடியுமா? மாத முடிவில் பில் கொடுக்கும் வழக்கம் வைத்தால், மூன்றாம் கிழமையில் நோயாளி மௌத்தாகிவிடுவார். மையித்து வீட்டில் போய் பில்லை நீட்ட எந்த மிஸ்ஸிக்கு மனம் வரும்? நாற்பது நாள் போகட்டும் என்று இருப்பார். பிறகு பிள்ளைகள் வெளிநாட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். மையித்தின் கடனை அடைத்த பிறகுதான் சொத்தைப் பங்கிட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்திருப்பது வேறு, கைக்கு வருவது வேறு.

ஆகவே கிழமைக்கு ஒரு தடவை முற்பணமாக வாங்குவதே வழி. தொடங்கும்போது ஒரு கிழமைக் கட்டணத்தை வைப்பாக எடுத்து, நோயாளி மௌத்தானால் மிச்சத்தைக் கணக்கோடு தானாகவே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கேட்கும்வரை காத்திருக்கக்கூடாது. அப்படிக் கொடுத்த வீட்டிலிருந்து அடுத்த வாடிக்கை வரும். காசு வாங்குவது தாதியின் வேலையாக இருக்கக்கூடாது என்பது என் அபிப்பிராயம். நோயாளியின் கையைப் பிடித்த அதே கை பணத்துக்கும் நீளும்போது இரண்டுமே கெடுகிறது. வியாபாரம் தெரிந்த வாப்பாவோ நானாவோ உதவக்கூடிய இடம் இதுதான்.

இன்னொரு ஆபத்து, வீட்டில் பொருள் காணாமல் போவது. காப்பு எங்கேயோ விழுந்திருக்கும், பழி வந்தவள் மேல் விழும். முதல் நாள் தாதியோடு பொறுப்பானவர் ஒருவரும் கூடப் போக வேண்டும். நோயாளியின் அறையில் நகை, பணம் வைக்கக்கூடாது என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். ஊழியர் எல்லோருக்கும் கிராம சேவகர் அத்தாட்சியும் பொலிஸ் அறிக்கையும் கோப்பில் இருக்க வேண்டும். நோயாளியின் தலைமாட்டில் ஒரு கொப்பி: வந்த நேரம், பிறஷர், சுகர், கொடுத்த மருந்து, கையொப்பம். பிணக்கு வந்தால் பேசப்போவது அந்தக் கொப்பிதான். வைத்தியரின் துண்டு இல்லாமல் சேலைன் ஏற்றுவது, ஊசி போடுவது ஆகியவற்றை எந்த வாடிக்கையாளர் கெஞ்சினாலும் செய்யக்கூடாது.

சாமான் வைத்து விற்கும் ஆசையும் வரும். கட்டில், சக்கர நாற்காலி, டயபர் எல்லாவற்றிலும் இலாபம் உண்டே என்று. இங்கே மேரி சீக்கோல் என்ற பெண்ணின் கதையைச் சொல்லலாம். ஜமெய்க்காவில் 1805இல் பிறந்தவர். தாய் விடுதி நடத்திக்கொண்டே நோயாளிகளுக்கும் வைத்தியம் பார்த்தவர், மகளும் அதையே கற்றார். கிரிமியா யுத்தத்துக்குத் தாதியாகப் போகக் கேட்டபோது லண்டனில் அவரை எடுக்கவில்லை. தன் சொந்தக் காசில் போய், பங்காளி ஒருவரோடு சேர்ந்து 1855இல் பலக்லாவாவுக்குப் பக்கத்தில் கடையும் சாப்பாட்டு விடுதியும் போட்டார். அதிகாரிகளுக்கு விற்ற வருமானத்தில் காயப்பட்ட சிப்பாய்களைப் பார்த்தார். 1856 மார்ச்சில் சமாதானம் கையெழுத்தானது. படை கப்பலேறியது. நிறைத்து வைத்திருந்த களஞ்சியத்தை அடிமாட்டு விலைக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. அதே வருடம் லண்டனில் அவர் வங்குரோத்து. அவரிடம் மருந்து கட்டிக்கொண்டவர்களும் வேறு பலரும் 1857இல் நிதி திரட்டி அவரைத் தூக்கிவிட்டார்கள். அவரை விழுத்தியது தாதி வேலையல்ல, சரக்கு. கட்டிலும் நாற்காலியும் தேவையென்றால் பக்கத்து பாமசிக்காரரோடு பேசி வாடகைக்கு எடுத்துக் கொடுங்கள், முதலை அதில் முடக்க வேண்டாம்.

காசு போடும் முறை

இனி அந்த மொத்த வியாபாரியின் கேள்விக்கு வருகிறேன். போடலாம். ஆனால் எப்படி? முழாரபா என்றால் முதல் உங்களுடையது, உழைப்பு அவருடையது. இலாபத்தை முன்கூட்டியே பேசிய விகிதத்தில் பிரிக்கலாம். நட்டம் வந்தால் முதல் போட்டவர் தாங்க வேண்டும், உழைத்தவருக்கு உழைப்பு நட்டம். "மாதம் இத்தனை ரூபா எனக்கு வந்தாக வேண்டும்" என்று நிச்சயித்துவிட்டால் அது முழாரபா அல்ல, வட்டிக்குப் போட்ட சட்டை. தாதி தன் சவூதிச் சேமிப்பையும் போடுகிறார் என்றால் முஷாரகா. அப்போது நட்டம் முதலின் அளவுப்படி இருவருக்கும். அவரே வீடுகளுக்குப் போய் வேலையும் செய்கிறார் என்றால், அந்த உழைப்புக்குத் தனியாகக் கூலி எடுப்பதா, இலாப விகிதத்தைக் கூட்டிக்கொள்வதா என்பதை உலமாக்களிடம் கேட்டுத் தெளிந்து, தொடங்குமுன்பே எழுதிக்கொள்ள வேண்டும். மகளாக இருந்தாலும் எழுத வேண்டும். மகளாக இருந்தால் கட்டாயம் எழுத வேண்டும், ஏனென்றால் பின்னால் மருமகனும் மற்றப் பிள்ளைகளும் வருவார்கள். கடனை எழுதிவைக்கச் சொல்லும் அல்பகராவின் 282ஆம் வசனம் அந்நியர்களுக்கு மட்டும் இறங்கியதல்ல.

எழுதும்போது ஒரு வரியைச் சேருங்கள்: எந்த நோயாளியை ஏற்பது, என்ன பராமரிப்பு, யாரை அனுப்புவது என்பதெல்லாம் தாதியின் தீர்மானம். முதல் போட்டவர் கணக்குப் பார்க்கலாம், நிலுவை வசூலிக்கலாம், வாடகை பேசலாம். "அந்த ஹாஜியார் நமக்கு வேண்டியவர், இரவுக்கும் ஒருவரை அனுப்பு" என்று உத்தரவிட முடியாது. பெண்களை இரவில் வேலைக்கு வைப்பதற்குச் சட்டக் கட்டுப்பாடுகளும் உண்டு, தொழில் திணைக்களத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் உம்மாவுக்குப் பெண்ணும் வாப்பாவுக்கு ஆணும் வேண்டும் என்று கேட்பார்கள். ஆண் தாதியர் கிடைப்பது அரிது. அதையும் முதலிலேயே யோசிக்க வேண்டும்.

பதிவுகளைப் பொறுத்தவரை, வியாபாரப் பெயர்ப் பதிவு பிரதேச செயலகத்தில் முடிந்துவிடும். அது மட்டும் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தல் சபை இருக்கிறது. நீங்கள் செய்யப்போவதை விளக்கி, எந்த வகுப்பில் பதிய வேண்டும் என்று பெயர்ப் பலகை அடிக்க முன்பே அங்கே கேளுங்கள். பராமரிப்பாளர்களைச் சேர்க்கும்போது தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் உள்ளவர்களை எடுங்கள், அவர்களைத் தாதி என்று சொல்லி அனுப்பாதீர்கள். அரச வைத்தியசாலையில் இன்னும் சேவையில் இருக்கும் தாதியென்றால் தாபனக் கோவையின் கட்டுப்பாடுகளைப் பார்க்காமல் அவர் பெயரில் எதையும் தொடங்க வேண்டாம். ஓய்வு பெற்றவர்களும் வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்களுமே இதற்குப் பொருத்தமானவர்கள்.

நல்ல பராமரிப்பாளர்களை வைத்திருப்பது இலேசல்ல. 2019இல் ஜப்பானுடன் செய்த உடன்படிக்கையில் பராமரிப்பு வேலையும் ஒன்று. நீங்கள் பழக்கிய பிள்ளை மொழி படித்துவிட்டுப் போய்விடும். தடுக்கவும் முடியாது, தடுப்பது நியாயமுமில்லை. ஐந்து பேருக்கு வேலை இருந்தால் ஆறாவது ஆளைப் பழக்கிக்கொண்டே இருக்க வேண்டும், அந்த ஆறாவது ஆளின் சம்பளத்தையும் கட்டணத்தில் சேர்க்க வேண்டும். மொத்த வியாபாரியின் மகள் போட்டுக் காட்டிய கணக்கில் இந்த ஆறாவது ஆள் இருந்தார். வாப்பாவின் கணக்கில் இருக்கவில்லை. ஐந்து இலட்சத்தை ஒரேயடியாகக் கொடுக்காமல், முதல் ஆறு மாதச் சம்பளப் பட்டியலை மாதம் மாதம் பார்த்துக் கொடுப்பதாக இருவரும் இணங்கியிருக்கிறார்கள். தொடங்கப்போவது மூன்று தாதியரோடு, மாளிகாவத்தைக்குள் மட்டும்.